பனியன் ஊர்க்காரர்கள் பனி பார்க்கப் போன கதை



போன வாரம் திருப்பூரிலிருந்து ஒரு பழைய மாணவன் போன் செய்தான். பவர்டேபிள் வைத்து நடத்துகிறான். என் வகுப்பில் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து, செய்முறைப் பாடம் என்றால் மட்டும் எழுந்து முன்னால் வருகிற பையன். இப்போது அவனுக்கே தலை நரைத்துவிட்டது. "ஏனுங்க சார், நீங்க குடும்பத்தோட போயி ஐஸ் மலைல சறுக்கிட்டு வந்தீங்கள்ல. நாங்களும் ஏப்ரல் கடைசில இருபது பேர் கெளம்பலாம்னு இருக்கறோம். எந்த ஊருக்குப் போலாம், சொல்லுங்க" என்றான்.

ஊர்ப் பெயரை ஒரு வார்த்தையில் சொல்லிவிடலாம். அந்த ஒரு வார்த்தைக்கு வந்து சேர எங்கள் குடும்பத்துக்கு மூன்று மாதமும், ஒரு மனஸ்தாபமும் ஆயிற்று. அதனால் "எழுதியே போடறேன் கண்ணு, படிச்சுக்கோ" என்று சொல்லிவிட்டேன். மற்றவர்களுக்கும் பயன்படட்டும். கொஞ்சம் நீளமான பதிவு. டீ குடித்துக்கொண்டே படியுங்கள்.

நடந்தது 2023 ஏப்ரல் கடைசியில். நாங்கள் பதினேழு பேர். நானும் என் மனைவியும். மகன் குடும்பம் நான்கு பேர், மகள் குடும்பம் மூன்று பேர். திருப்பூரில் இருக்கும் என் அக்கா, அக்காவின் பெரிய மகன் குடும்பம் நான்கு பேர், சின்ன மகன் குடும்பம் மூன்று பேர். கடைக்குட்டிக்கு ஐந்து வயது, அக்காவுக்கு எழுபத்து மூன்று.

முதலில் தேதியே சிக்கல். பனி பார்க்க ஜனவரி, பிப்ரவரிதான் நல்ல மாதம் என்று எல்லோரும் சொல்வார்கள். அந்த மாதங்களில் எங்கள் வீட்டில் யார் வரமுடியும்? ஸ்டேட் போர்டில் படிக்கிற பிள்ளைகளுக்கு ஏப்ரல் கடைசியில்தான் பரீட்சை முடியும். கோயமுத்தூரில் சி.பி.எஸ்.இ. படிக்கும் என் பேரன் பேத்திக்கு ஏப்ரலிலேயே புது வகுப்பு ஆரம்பித்துவிடும். அக்கா மகனுக்கோ ஷிப்மென்ட் போய்ச் சேர்ந்தால்தான் மூச்சு. எல்லாம் கூட்டிக் கழித்துப் பார்த்தால் மிஞ்சியது ஏப்ரல் கடைசி வாரம். பேரப்பிள்ளைகளுக்கு ஒரு வாரம் லீவு கடிதம் நானே எழுதிக் கொடுத்தேன். முப்பத்தைந்து வருடம் லீவு லெட்டர் வாங்கியே பழகியவன், முதல்முறையாக எழுதினேன்.

இந்தப் பயணத்தின் மூலகாரணமே அக்காதான். அதைச் சொல்லாமல் மேலே போகக்கூடாது.

எங்கள் அம்மா சீக்கிரமே போய்விட்டார்கள். அக்கா பதினாறு பதினேழு வயதில் திருப்பூரில் பனியன் கம்பெனி வேலைக்குப் போனார். சனிக்கிழமை சம்பளம். நான் காலேஜ் படித்ததும் பி.எட். முடித்ததும் அந்தச் சனிக்கிழமைப் பணத்தில்தான். பிற்காலத்தில் அவர் செக்கிங் பிரிவில் இருந்தார். உருப்படியைத் திருப்பிப் போட்டு, தையல் விட்டிருக்கிறதா, ஓட்டை இருக்கிறதா, கறை இருக்கிறதா என்று பார்த்து மடித்து வைக்கிற வேலை. அதில் உள்பக்கம் பூப்பூவாக மெத்தென்று இருக்கும் தெர்மல் உருப்படிகளும் வரும். சித்திரை வெயிலில், மின்விசிறி அனல் காற்றைச் சுற்றிவிடும் கொட்டகையில் உட்கார்ந்து, பனி நாட்டுக்காரர்கள் போடுகிற உள்ளாடையை ஆயிரக்கணக்கில் மடித்திருக்கிறார். "இதைப் போட்டுக்கற அளவுக்குக் குளிருன்னா அது எப்புடி இருக்கும்னு ஒருக்காப் பாக்கோணும் கண்ணு" என்று என்னிடம் எத்தனையோ முறை சொல்லியிருக்கிறார். நானும் "போலாங்க்கா" என்று எத்தனையோ முறை சொல்லியிருக்கிறேன்.

பனியன் என்ற சொல்லுக்கும் பனிக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. பனியா என்கிற வணிகர்களின் பெயரிலிருந்து வந்தது என்பார்கள். ஆனால் அக்காவுக்கு இரண்டும் ஒரே சொல்தான்.

இடம் தேடல் ஆரம்பித்தது. வாட்ஸ்அப் குழு ஒன்று திறந்தார்கள். ஆளுக்கு ஒரு ஊர்.

அக்காவின் பெரிய மகன் வியாபார விஷயமாக ஐரோப்பா போய்வந்தவன். "சுவிட்சர்லாந்து போயிரலாம் மாமா. டிட்லிஸ் மலைல வருசம் முச்சூடும் பனி கெடக்கும். ஏப்ரலாவது மேயாவது" என்றான். உண்மைதான். அங்கே பனியாறு இருக்கும் உயரமான மலைகளில் பருவம் என்ற பேச்சே குறைவு. ஆனால் பதினேழு பேருக்கு விசா, கைரேகை, வங்கிக் கணக்கு, டிக்கெட். பட்ஜெட் போட்டுப் பார்த்துவிட்டு அவனே அமைதியாகிவிட்டான். இன்னொன்று, அக்காவிடம் பாஸ்போர்ட்டே கிடையாது.

என் மகள் ஆலி என்றாள். உத்தராகண்டில் இருக்கிறது. பனிச்சறுக்குக்குப் பேர்போன சரிவுகள், நந்தாதேவி தெரியும், படம் பார்த்தாலே மனம் போய்விடும். ஆனால் அங்கே சறுக்குப் பருவம் ஜனவரி முதல் மார்ச் வரைதான். சரிவுகள் 2,500 முதல் 3,050 மீட்டர் வரை. ஏப்ரல் கடைசியில் போனால் பெரும்பாலும் புல்தான் இருக்கும். ரிஷிகேஷிலிருந்து சுமார் 250 கிலோமீட்டர் மலைப்பாதை வேறு. அதற்கும் மேல், அந்த ஜனவரியில்தான் ஜோஷிமட்டில் நிலம் இறங்கி வீடுகள் விரிசல் விட்டு, ஜனங்களை வெளியேற்றினார்கள். அங்கிருந்து ஆலிக்குப் போகும் ரோப்காரும் நிறுத்தப்பட்டிருந்தது. வீடிழந்து நிற்கிறவர்கள் ஊர் வழியாக நாம் சறுக்கி விளையாடப் போவதா என்று மகளே விட்டுவிட்டாள்.

மருமகனின் ஓட்டு மணாலிக்கு. சோலங் பள்ளத்தாக்கில் ஏப்ரல் கடைசியில் பனி கரைந்து பாராகிளைடிங்தான் நடக்கும். பனி வேண்டுமென்றால் அடல் சுரங்கப்பாதை வழியாக லாஹௌல் பக்கம் போகவேண்டும். 2020 அக்டோபரில் திறந்த 9 கிலோமீட்டர் சுரங்கம், 3,000 மீட்டருக்கு மேலே இருக்கிறது. ரோதாங் கணவாய் 3,978 மீட்டர். அது பெரும்பாலும் மே மாதத்தில்தான் சுற்றுலா வண்டிகளுக்குத் திறக்கும், அனுமதிச் சீட்டும் வாங்கவேண்டும். ஆக, பனி இருக்கும் இடத்துக்குக் காரில்தான் போய்க் காரில்தான் திரும்பவேண்டும். இங்கேதான் என் மூளையில் ஒரு விளக்கு எரிந்தது. பாதி வழியில் ஒருவருக்கு மூச்சு வாங்கினால்? அந்த வண்டியில் இருக்கும் அத்தனை பேரும் திரும்பவேண்டும். முடியாதவர் மற்றவர்களுக்காகப் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்.

கடைசியாகக் குல்மார்க். ஸ்ரீநகரிலிருந்து சுமார் 50 கிலோமீட்டர். ஊரே 2,650 மீட்டர் உயரத்தில் ஒரு புல்வெளிக் கிண்ணம் மாதிரி. அங்கிருந்து கொண்டோலா என்கிற ரோப்கார் இரண்டு கட்டமாக ஏறுகிறது. முதல் கட்டம் கோங்டோரி வரை, சுமார் 3,000 மீட்டருக்குக் கொஞ்சம் மேலே. 1998-ல் வந்தது. இரண்டாம் கட்டம் அபர்வத் மலைத்தோள் வரை, ஏறக்குறைய 3,950 மீட்டர். 2005-ல் வந்தது.

நான் அறிவியல் வாத்தியார் ஆயிற்றே, பேரப்பிள்ளைகளுக்குப் பாடம் எடுத்தேன். உயரம் ஆயிரம் மீட்டர் கூடினால் வெப்பம் சுமார் ஆறரை டிகிரி குறையும். பருவத்தின் கடைசியில் பனி ஒரேயடியாக மறைந்துவிடுவதில்லை. கீழே கரைந்துகொண்டே மேலே மேலே போகிறது. அதனால் ஏப்ரல் கடைசியில் போகிறவன் பேர்பெற்ற ஊரைத் தேடக்கூடாது. பனி ஏறிப்போன உயரத்துக்குத் தன்னையும் தூக்கிக்கொண்டு போகிற வசதி எங்கே இருக்கிறது என்று தேடவேண்டும்.

சரி, குல்மார்க் என்று முடிவாயிற்று. அப்புறம்தான் நான் தப்புச் செய்தேன்.

2,650 மீட்டர் என்றால் என்ன என்று யோசித்தேன். நம் ஆனைமுடி 2,695 மீட்டர். தென்னிந்தியாவின் உச்சியில் ஒரு ஊரைக் கட்டி அதில் ராத்தங்குவது மாதிரி. அக்காவுக்குச் சர்க்கரை இருக்கிறது, முழங்கால் வலி இருக்கிறது. அமராவதி நகருக்கு வந்தால் அணைக்கட்டுப் படி ஏறவே இரண்டு இடத்தில் நிற்பார். "அக்காவைக் கூட்டிட்டுப் போயி ஏதாச்சும் ஆயிட்டா?" என்று நானும் அக்காவின் மகன்களும் போனில் பேசிக்கொண்டோம். அக்கா இல்லாத தனிக் குழு ஒன்று திறந்தோம். அக்காவை என் மகளின் மாமியார் வீட்டில் விட்டுவிடுவது, திரும்பி வந்து வீடியோ காட்டுவது, பிறகு ஊட்டிக்குக் கூட்டிப்போவது என்று முடிவு செய்தோம். யாருக்காக ஆரம்பித்த பயணமோ அவரையே விட்டுவிட்டோம். அது எங்களுக்கு உறைக்கவே இல்லை. அவர் நல்லதுக்குத்தானே என்று நினைத்துக்கொண்டோம்.

பேரன் உடைத்துவிட்டான். "அப்பத்தா, நாங்க காஷ்மீர் போறப்போ நீங்க எதுக்கு அவங்க வீட்டுக்குப் போறீங்க?" என்று கேட்டிருக்கிறான்.

அடுத்த நாள் காலை பத்து மணிக்கு அக்கா என் வீட்டு வாசலில். திருப்பூரிலிருந்து உடுமலைக்கு ஒரு பஸ், உடுமலையிலிருந்து அமராவதி நகருக்கு ஒரு பஸ். தனியாக வந்திருந்தார். என் மனைவி தண்ணீர் கொடுத்தாள். குடித்துவிட்டுச் சொன்னார்: "மலையைப் பத்தி ஊரெல்லாம் கேட்டிருக்கறே. என்னையப் பத்தி எங்கிட்டக் கேக்கலியே கண்ணு."

எனக்குப் பதில் வரவில்லை. அவர் கோபமாகப் பேசியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

கைப்பையிலிருந்து ஒரு கவரை எடுத்து மேசையில் வைத்தார். "இது எம்பட டிக்கெட்டுக் காசு. பி.எப். பணத்துல ஒதுக்கி வெச்சது. வாண்டாம்னு டாக்டரு சொன்னா நான் வல்ல. நீ சொல்லி நிக்க மாட்டேன்."

வகுப்பில் நாற்பத்தைந்து பிள்ளைகளை வைத்துக்கொண்டு பாடம் நடத்தியவன் நான். மெதுவாகப் படிக்கிற பிள்ளையை வெளியே நிறுத்திவிட்டுப் பாடத்தை வேகமாக முடிப்பது எந்த வாத்தியாருக்கும் சுலபம். அப்படிச் செய்கிறவர்களை நானே ஸ்டாப் ரூமில் திட்டியிருக்கிறேன். வீட்டில் அதையேதான் செய்திருக்கிறேன் என்று அன்றைக்குப் புரிந்தது.

டாக்டரிடம் போனோம். இதயம், நுரையீரல் எல்லாம் பார்த்தார். அக்காவிடமே நேராகப் பேசினார். நம் ஊரிலிருந்து நேராக மேலே போய்ப் படுக்காதீர்கள், ஸ்ரீநகரில் ஓரிரு ராத்திரி தங்கிவிட்டு ஏறுங்கள், முதல் கட்டம் வரை போகலாம், இரண்டாம் கட்டம் வேண்டாம், தலைவலியோ வாந்தியோ வந்தால் உடனே இறங்கிவிடுங்கள் என்றார். சர்க்கரை மாத்திரையைச் சரிசெய்து எழுதிக் கொடுத்தார்.

அதோடு ஒத்திகை ஒன்றும் பார்த்தோம். ஊட்டி தொட்டபெட்டா 2,637 மீட்டர். குல்மார்க்குக்கும் அதற்கும் பதிமூன்று மீட்டர்தான் வித்தியாசம்! ஒரு ஞாயிற்றுக்கிழமை வேன் பிடித்து எல்லோரும் போனோம். கொரோனா காலத்தில் வாங்கிய ஆக்ஸிமீட்டரைக் கையில் வைத்துக்கொண்டு ஒவ்வொருவர் விரலாக மாட்டி நோட்டில் குறித்தேன். அக்காவுக்கு நன்றாகவே இருந்தது. மெல்ல நடந்து போய்ச் சுண்டல் வாங்கித் தின்றார். ஒரு பகல் ஒத்திகை, அங்கே தூங்கி எழுவதற்குச் சமமாகாது. ஆனாலும் அவருக்கும் எங்களுக்கும் தைரியம் வந்தது.

துணிமணிக்கு அக்காவேதான் பொறுப்பு. அதில் அவரை மிஞ்ச ஆளில்லை. நாங்கள் எல்லோரும் திருப்பூர்க்காரர்கள், காட்டன்தான் உசத்தி என்று நினைப்பவர்கள். "உள்ளுக்குக் காட்டன் போடாதீங்க" என்று ஒரே போடாகப் போட்டார். காட்டன் வேர்வையைக் குடித்துக்கொண்டு ஈரமாகவே நிற்கும். பனியில் ஈரத்துணி உடம்புச் சூட்டை உறிஞ்சிவிடும். உள்ளே பாலியஸ்டர் கலந்த தெர்மல், நடுவில் பிளீஸ், வெளியே காற்றும் தண்ணீரும் புகாத கோட்டு. பதினேழு பேருக்கும் மேல் கீழ் இரண்டு செட், ஒவ்வொன்றையும் திருப்பிப் போட்டுப் பார்த்து வாங்கினார். கடைக்காரர் நொந்துபோனார்.

பயணத்தைச் சுருக்கமாகச் சொல்கிறேன். கோயமுத்தூரிலிருந்து விமானம், நடுவே ஒரு இடத்தில் மாறி ஸ்ரீநகர். அங்கே இரண்டு ராத்திரி. ஸ்ரீநகர் 1,600 மீட்டருக்குப் பக்கம், மூணாறு மாதிரி. தால் ஏரி. அழகு. மூன்றாம் நாள் தங்மார்க் வழியாகக் குல்மார்க் ஏறினோம். ஊருக்குள் பனி அங்கங்கே திட்டுத்திட்டாக, அழுக்காகக் கிடந்தது. ஐந்து வயதுக்காரி "இதுதானா?" என்று அழுதேவிட்டாள். பருவக் கடைசி என்றால் இப்படித்தான் இருக்கும் என்று பிள்ளைகளுக்கு முன்கூட்டியே சொல்லிவிடுவது நல்லது.

மறுநாள் காலை கொண்டோலா. ஒரு பெட்டிக்கு ஆறு பேர், எங்களுக்கு மூன்று பெட்டி. அக்கா என் பெட்டியில். தேவதாரு மரங்களுக்கு மேலே போகும்போது கண்ணை மூடிக்கொண்டு முருகா முருகா என்றார். கோங்டோரியில் இறங்கிக் கதவைத் தாண்டினால் வெள்ளை.

யாரும் பேசவில்லை. அக்கா குனிய முடியாமல் குனிந்து ஒரு பிடி அள்ளினார். உள்ளங்கையில் வைத்துப் பார்த்துக்கொண்டே நின்றார். "கல்லுப்பாட்டம் இருக்குது" என்றார். நாங்கள் எல்லோரும் பஞ்சு மாதிரி இருக்கும் என்று நினைத்திருந்தோம். அக்கா சொன்னதுதான் சரி. பருவக் கடைசிப் பனி பகலில் உருகி ராத்திரியில் இறுகி, மறுபடி உருகி, பரல் பரலாக ஆகிவிடும்.

சறுக்குப் பலகை, பூட்ஸ் எல்லாம் வாடகைக்குக் கிடைக்கிறது. சொல்லித்தர உள்ளூர்ப் பையன்கள் இருக்கிறார்கள். பேத்தி, அக்காவின் பேரன்கள், என் மகன், மருமகள் ஆக ஐந்து பேர் கற்றுக்கொண்டார்கள். முதல் பாடமே எப்படி விழுவது, விழுந்தால் எப்படி எழுவது என்பதுதான். இரண்டாவது பாடம் நிற்பது. பலகைகளின் முன்நுனியைக் கிட்டக் கொண்டுவந்து பின்பக்கத்தை விரித்தால் வேகம் குறையும். ஆப்பு மாதிரி ஒரு வடிவம். பிள்ளைகளுக்குப் புரியப் 'பீட்சா' என்கிறார்கள். மகன் வீராப்பாகப் போய் மூன்று முறை உருண்டான். மருமகள் ஒரு வார்த்தை பேசாமல் சொன்னபடி செய்து, பதினோரு மணிக்குள் நிற்கவும் திரும்பவும் பழகிவிட்டாள். பதினோரு மணிக்குமேல் வெயில் ஏறிப் பனி சேறாகிவிட்டது. கால் புதைகிறது. அதற்கப்புறம் சறுக்கல் இல்லை, வழுக்கல்தான்.

அக்கா என்ன செய்தார் தெரியுமா? சொல்லிக்கொடுக்கிற பையன் வெயிலுக்குக் கோட்டைக் கழற்றினான். உள்ளே ஒரு தெர்மல். இவர் அவனைக் கிட்டே கூப்பிட்டு, கையைப் பிடித்து, கைமடிப்பைத் திருப்பிப் பார்த்தார். அவனுக்குத் தமிழ் தெரியாது, இவருக்கு இந்தி தெரியாது. அவன் சிரித்துக்கொண்டே நின்றான். காலர் லேபிளையும் திருப்பிப் பார்த்தார். துவைத்துத் துவைத்து எழுத்தே அழிந்துபோயிருந்தது. "தையலு நல்லாருக்குது. நம்மூர்த் தையலாட்டந்தான் தெரியுது" என்றார். அப்படித்தானா என்று யாருக்குத் தெரியும்? ஆனால் அன்று முழுக்க அவர் முகத்தில் இருந்த சந்தோஷத்தை நான் அதற்குமுன் பார்த்ததில்லை.

இரண்டாம் கட்டத்துக்கு எட்டுப் பேர் கிளம்பினார்கள். அக்கா, என் மனைவி, சின்னக் குழந்தைகள், அவர்களுக்குத் துணையாகச் சிலர் கோங்டோரியிலேயே டீயும் பிளாஸ்டிக் நாற்காலியுமாக உட்கார்ந்துகொண்டார்கள். நான் மேலே போனேன். குழுவுக்குத் தலைவன் ஆயிற்றே.

காற்றில் ஆக்ஸிஜன் எங்கும் 21 சதவீதம்தான். உயரப் போனால் காற்றே மெலிந்துவிடுகிறது. அபர்வத்தில் ஒரு மூச்சுக்கு நம் ஊரில் கிடைப்பதில் ஐந்தில் மூன்று பங்குதான் கிடைக்கும். இதை வகுப்பில் எத்தனை வருடம் நடத்தியிருப்பேன்! மேலே கண்ணுக்கெட்டிய தூரம் பனிமலை. பத்து நிமிடம் நன்றாகத்தான் இருந்தது. பிறகு தலையில் யாரோ கயிறு போட்டு இறுக்குகிற மாதிரி. நடை தள்ளாடியது. வாந்தி. மகனும் அக்கா மகனும் இரண்டு பக்கமும் தாங்கிப் பிடித்து அடுத்த பெட்டியில் கீழே கொண்டுவந்தார்கள். கோங்டோரி வந்ததும் கொஞ்சம் தெளிந்தது. அப்படியே குல்மார்க்குக்கும் இறங்கிவிட்டோம். சாயங்காலத்துக்குள் சரியாகிவிட்டது.

அக்கா என் நெற்றியைத் தடவிக்கொண்டே கேட்டார்: "எல்லாருத்துக்கும் பரீட்சை வெச்சியே கண்ணு, நீ எழுதலியா?"

நான் எழுதவில்லை. தொட்டபெட்டாவில் பதினாறு பேர் விரலில் ஆக்ஸிமீட்டரை மாட்டினேன், என் விரலில் மாட்டவே இல்லை. டாக்டரிடம் அக்காவைக் கூட்டிப்போனேன், எனக்குப் பிரஷர் மாத்திரை ஓடுகிறது என்று அவரிடம் சொல்லவில்லை. முந்தின ராத்திரி பெட்டிகளை எண்ணி, டிக்கெட்டைச் சரிபார்த்து மூன்று மணிநேரம்தான் தூங்கினேன். எல்லோரையும் தண்ணீர் குடி, தண்ணீர் குடி என்று விரட்டியவன் காலையிலிருந்து ஒரு டம்ளர்கூடக் குடிக்கவில்லை. எழுபத்து மூன்று வயது அக்காதான் பலவீனம் என்று முடிவுகட்டியவனுக்கு, அறுபத்து மூன்று வயது தம்பி யாரென்று தெரியவில்லை.

நல்லவேளை, அது மணாலிப் பக்கம் கார்ப்பயணமாக இருந்திருந்தால் என்னால் அத்தனை பேரும் திரும்பியிருப்பார்கள். இங்கே என்னை இருவர் இறக்கினார்கள், மற்றவர்கள் மேலே இருந்து பார்த்துவிட்டு நிதானமாக வந்தார்கள். யார் பயணமும் கெடவில்லை. பெரிய குடும்பத்துக்கு இடம் தேடும்போது அதிகப் பனி எங்கே என்று பார்ப்பதைவிட, யார் எந்தப் படியில் நின்றாலும் அந்தப் படியிலேயே அவருக்குச் சந்தோஷம் இருக்கிறதா என்று பாருங்கள். எந்தப் படியில் நிற்பது என்பதை அவரவரே சொல்லட்டும்.

மாணவனுக்கும் மற்றவர்களுக்கும் சில குறிப்புகள்:

1. ஏப்ரல் கடைசியில் போகிறீர்கள் என்றால் 3,000 மீட்டருக்கு மேலே ரோப்கார் போகும் இடமாகப் பாருங்கள். முடிந்தால் ஏப்ரல் பாதியிலேயே போங்கள்.

2. கொண்டோலா டிக்கெட்டை முன்கூட்டியே ஆன்லைனில் எடுத்துவிடுங்கள். இரண்டு கட்டத்துக்கும் தனித்தனி டிக்கெட். காற்று பலமாக அடித்தால் இரண்டாம் கட்டத்தை நிறுத்திவிடுவார்கள். அதற்காக ஒருநாள் கூடுதலாக வைத்துக்கொள்ளுங்கள்.

3. குல்மார்க்கிலேயே இரண்டு ராத்திரி தங்குங்கள். ஸ்ரீநகரிலிருந்து காலையில் போய் மாலையில் திரும்பினால், பனி நன்றாக இருக்கும் காலை நேரம் ரோட்டிலேயே போய்விடும்.

4. கருப்புக் கண்ணாடி, முகத்துக்கு சன்ஸ்கிரீன் கட்டாயம். பனியில் பட்டுத் திரும்பும் வெயில் நம் ஊர் வெயிலைவிடப் பொல்லாதது. என் மூக்கு உரிந்துவிட்டது.

5. அறுபதைத் தாண்டியவர்கள் எல்லோரும் டாக்டரைப் பாருங்கள். ஏற்பாடு செய்கிறவரும் அதில் சேர்த்தி.

6. அவரவர் குடும்பச் செலவு அவரவருக்கு, வேனும் சாப்பாடும் பொது என்று முதல் நாளே பேசிவிடுங்கள். அண்ணன் தம்பிக்குள் கணக்கு சுத்தமாக இருந்தால் அடுத்த பயணமும் நடக்கும்.

இன்னொன்றும் சொல்லவேண்டும். 2025 ஏப்ரல் 22-ல் பஹல்காம் பைசரன் புல்வெளியில் 26 பேரைச் சுட்டுக் கொன்றார்கள். நம்மைப் போலவே குடும்பத்தோடு போனவர்கள். காப்பாற்றப் போன உள்ளூர்க் குதிரைக்காரர் ஒருவரும் அதில் போனார். அன்று ராத்திரி அக்கா போன் செய்து, "அந்தச் சறுக்குச் சொல்லிக்குடுத்த பையன் நல்லாருக்கறானான்னு கேளு" என்றார். மகன் போன் போட்டுப் பேசினான். நல்லபடியாக இருந்தான். அதன்பிறகு சில இடங்களைக் கொஞ்சகாலம் மூடியும் வைத்திருந்தார்கள். அதனால் போகிறவர்கள் அந்த நேரத்து நிலவரத்தை விசாரித்து, எந்த இடம் திறந்திருக்கிறது என்று உறுதிசெய்துகொண்டு, திருப்பிக்கொடுக்கும் டிக்கெட்டாக எடுத்துப் போங்கள். பயமாக இருக்கிறது என்று வீட்டில் ஒருவர் சொன்னால் அதற்கும் மதிப்புக் கொடுங்கள். தொட்டபெட்டா எங்கேயும் போய்விடாது.

அக்காவுக்கு இப்போது எழுபத்தாறு. முழங்கால் முன்னைவிட மோசம். போன மாதம் வந்தபோது அணைக்கட்டுப் படிப் பக்கமே போகவில்லை, பூங்காவில் உட்கார்ந்துகொண்டார். அவர் கொடுத்த அந்தக் கவர் இன்னும் என் பீரோவில்தான் இருக்கிறது. எத்தனையோ முறை திருப்பிக் கொடுத்துப் பார்த்தேன், வாங்க மறுக்கிறார். "எம்பட காசுல நான் போயிட்டு வந்தேன். அதைத் திருப்பிக் குடுத்தீன்னா நீ கூட்டிட்டுப் போனாப்புல ஆயிரும்" என்கிறார்.

 போகிறவர்கள் போய்வந்து எனக்கு எழுதுங்கள். கிளம்பும் முன்னால் வீட்டில் வயதானவர்கள் யாராவது இருந்தால், அவர்களைப் பற்றி அவர்களிடமே ஒரு வார்த்தை கேளுங்கள்.